வருஷத்தை மாற்றுகிறவன்

“மார்ட்டின் இருக்கானா அங்கிள்?” செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கேட்டாள் சிவப்ரியா. திருச்சியில் பஸ் ஏறும்போதே அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

“மாதா கோயில் பக்கம்தான் இருக்கான். உள்ள வாம்மா,” என்றார் அவன் அப்பா யாகப்பன்.

“வரட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுதான் காரைக்காலை விட்டுக் கிளம்புவேன்.”

மார்ட்டினை அவள் நேரில் பார்த்ததே இல்லை. தமிழில் எழுத்துப்பிழை திருத்தும் நிரல் ஒன்றை இருவரும் சேர்ந்து எழுதி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் பல கட்டற்ற மென்பொருள்களுக்குப் பொதுவில் கொடுத்திருந்தார்கள். பழக்கமெல்லாம் இணையத்தில் எழுதிக்கொள்வதோடு சரி.

“அப்படி என்னம்மா பண்ணிட்டான்?”

“ஒண்ணுமே பண்ணல, அதான் கோபம். ஒவ்வொரு மென்பொருளோடயும் ஒரு உரிமக் கோப்பு இருக்கும் அங்கிள். எழுதினவங்க பேரும், எந்த வருஷத்துலேர்ந்து எது வரைக்கும் உழைச்சாங்கன்னும் அதுல போடுவோம். உழைச்சாதான் வருஷத்தை நீட்டலாம். உங்க பையன் போன வருஷம் முழுக்க ஒரே ஒரு முற்றுப்புள்ளிய நகத்தி வச்சான். ஜனவரி பொறந்ததும் எல்லாக் கோப்புலயும் தன் பேருக்கு நேரா மட்டும் வருஷத்தை மாத்திட்டான்.”

யாகப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“முன்னெல்லாம் ஒரு வார்த்தை சொன்னா ‘போடி, உனக்கென்ன தெரியும்’னு பக்கம் பக்கமா சண்டை போடுவான். இப்ப எதைக் கேட்டாலும் ‘சரிங்க’. போன் அடிச்சா எடுக்கறதே இல்ல.” சண்டை போட ஆளில்லாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

மேசைமேல் மார்ட்டினின் கணினி திறந்திருந்தது. திரையில் எழுத்துகள் நெல்லிக்காய் அளவுக்கு இருந்தன.

“இந்த வயசுலயே அவனுக்குக் கண்ணு போயிடுச்சா?” என்றாள்.

யாகப்பன் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அவன் பேரைத் தூக்கிடுவீங்களாம்மா?”

“பேரை எடுக்க மாட்டோம் அங்கிள். எழுதினவன் பேரு என்னிக்கும் இருக்கும். வருஷத்தை மட்டும் நிறுத்திடுவோம்.”

அவருக்குக் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

“அந்தப் புள்ளிய நகத்தினது நான்தாம்மா. ஜனவரி வந்தா அவன் பண்றதப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்,” என்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

“கல்லறையில அவனுக்கு வருஷம் நின்னுபோச்சு. இதுலயாவது ஓடட்டுமே.”