எட்டு டிகிரி

ஒரு போல்ட்டை எத்தனை தடவை முறுக்கினால் நீங்கள் நம்புவீர்கள்? நான் மூன்று நாளாக முறுக்குகிறேன். சரக்கோடு ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய பெட்ரோல் லாரிக்கு டைமிங், அதாவது இன்ஜினில் பொறி விழ வேண்டிய நேரம், எட்டு டிகிரி. பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, டைமிங் லைட் அடித்துப் பார்த்து, எட்டில் நிறுத்தி இறுக்கிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் பதினான்கில் நிற்கும். போல்ட் என்னவோ இறுக்கமாகத்தான் இருக்கும். பதினான்கில் ஓட்டினால் இன்ஜின் தட்டும், மேடு ஏறாது.

"என்னண்ணே, ஸ்பேனர் புடிக்கிறீங்களா, கரண்டி புடிக்கிறீங்களா?" என்றான் டிரைவர். "நாளைக்குக் காலைல மலை மேல சரக்கு எறங்கலன்னா, ஓனர் வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு."

"நீயே வந்து புடியேன்டா. சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, இப்ப மானமும் போச்சு."

எரிச்சலில் டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி அறைக்கு எடுத்துப்போனேன். அது இல்லாமல் இன்ஜினில் ஒரு பொறிகூட வராது. விடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம், அதுவரை எவன் திருப்புகிறான் பார்க்கலாம் என்று மேசை மேல் வைத்தேன்.

மறுநாள் காலை அது மேசை மேலேயே இருந்தது. ஷெட்டில் லாரி இல்லை. டிரைவர் என் பக்கத்தில்தான் நின்றான். மலை மேல் கடைக்காரர் போன் செய்தார். சரக்கு முழுவதும் இறங்கிவிட்டதாம், யாராவது வந்து இன்ஜினை அணைக்க வேண்டுமாம்.