நாலாவது சர்வருக்கு நல்ல நேரம்

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும்மா. அதுக்குள்ள இது சேர்ந்தே ஆகணும்."

பாஸ்கரன் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓசூரில் கியர் செய்கிற அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் மேனேஜர். இன்றைக்கு மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை. இருக்காதா பின்னே? பெங்களூரிலிருந்து நேற்று புது சர்வர் வந்து இறங்கியிருக்கிறது. சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கழுத்தே இல்லாத பெட்டிக்கு ஒரு முழம் மல்லிகை வேறு. முதலாளி கோவிந்தப்பன் வந்து பட்டனை அமுக்கி அதை வேலைக்கு விடுவதுதான் பாக்கி.

கம்பெனியின் கணக்கு வழக்கு முழுக்க மூன்று சர்வர்களில் பிரிந்து கிடந்தது. ஃபேக்டரியில் ஒன்று, ஜூஜுவாடி குடோனில் ஒன்று, குருபரப்பள்ளி குடோனில் ஒன்று. சரக்கு இருப்பு, லாரி லோடு, ஆட்களின் வருகை, லீவு எல்லாவற்றையும் மூன்றும் பங்கு போட்டுச் சுமந்தன. பாரம் தாங்கவில்லை என்றுதான் இந்த நாலாவது.

அதை மற்ற மூன்றோடு சேர்க்கிற பொறுப்பு, பாஸ்கரனிடம் வேலை பார்க்கும் தில்ஷாத்துடையது. மணி பத்து. திரையில் எழுபது சதவீதம்.

"எழுபதுதானா? நேத்தே ஆரம்பிச்சியேம்மா?"

"புதுசு தன்னோட பங்கை மத்த மூணுகிட்ட இருந்தும் காப்பி எடுத்துக்கணும் சார். முழுசா எடுத்த பிறகுதான் வேலை கொடுக்கலாம்."

"வேகத்தைக் கூட்டு."

"கூட்டலாம் சார். ஆனா இப்ப வேணாம். பக்கத்து ரூம்ல..."

"காரணம் சொல்லாதம்மா. முதலாளிக்கு நேரம் குறிச்சுக் கொடுத்தது நான். அடுத்த மாசம் என்னை ஜெனரல் மேனேஜர் ஆக்குறதா பேச்சு அடிபடுது. இதுல சொதப்பினா இந்த ஜென்மத்துல கிடையாது."

தில்ஷாத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேகத்தை மட்டும் தொடவில்லை.

ஆட்களின் வருகை, லீவு பார்க்கிற பக்கத்து டைம் ஆபீஸில் பிரிண்டர் விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "இந்தச் சனியன் வேற" என்று பாஸ்கரன் கதவை ஓங்கிச் சாத்தினார்.

தேங்காய்த் தட்டோடு நின்ற அட்டெண்டர் கந்தன் அவர் காதருகே குனிந்தான். "அவங்களுக்கு நம்ம ராகு காலம், எமகண்டமெல்லாம் என்ன சார் தெரியும்? நமக்குல்ல அந்தக் கஷ்டம்."

பாஸ்கரனுக்கும் மனசில் அதுதான் ஓடியது. வெளியே சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"சரி, ஒண்ணு செய்வோம். முதலாளி பட்டனை அமுக்கட்டும். மிச்சம் மீதி அப்புறமா ஏறட்டும்."

"அரைகுறையா வேலைக்கு விட்டா, இருக்குற சரக்கை இல்லைன்னு சொல்லும் சார். ஜூஜுவாடிக்கு வர்ற லாரி காலியா திரும்பும்."

என்ன அழுத்தம் பாருங்கள். பாஸ்கரன் பல்லைக் கடித்தார்.

முதலாளி வந்தார். உட்கார்ந்தார். மோர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முள் பத்தரையைத் தொட்டது, தாண்டியது. பாஸ்கரன் கைக்குட்டை தொப்பலாகிவிட்டது. கந்தனோ தட்டை மேஜையில் வைத்துவிட்டு எங்கோ காணாமல் போயிருந்தான்.

பக்கத்து அறையில் பிரிண்டர் சத்தம் நின்றது.

அவ்வளவு நேரம் சுவர்ப் பக்கமே காதை வைத்திருந்த தில்ஷாத், சட்டென்று கீபோர்டில் எதையோ தட்டினாள். எண்பது. எண்பத்தஞ்சு. தொண்ணூறு. எண்கள் குதித்து ஓடின.

பாஸ்கரனுக்கு ரத்தம் கொதித்தது. அப்படியானால் இத்தனை நேரமும் இவளால் முடிந்திருக்கிறது. ராகு காலம் பிறக்கட்டும் என்றே காத்திருந்திருக்கிறாள்.

"ஏன் பாஸ்கரன், நல்ல நேரத்தைக் கோட்டை விட்டது யாரு?" முதலாளி நிதானமாகத்தான் கேட்டார்.

பாஸ்கரன் தில்ஷாத்தைக் காட்டக் கையைத் தூக்கினார்.

கதவு திறந்தது. தோளில் பை, கையில் பட்டாசுக் கட்டு, வாயில் ஒரு சீட்டு என்று கந்தன் நின்றான். சீட்டை எடுத்துவிட்டுப் பேசினான்.

"சார், லீவு சீட்டு கைக்கு வந்துருச்சு. கடைசியா அடிச்சது என்னோடதுதான். மதுரை, திருநெல்வேலி ஆளுக எல்லாரும் பஸ் ஏறியாச்சு. நானும் ஊருக்குப் போயிட்டு வாரேன்."

"சீட்டு எல்லாருக்கும் வந்துடுச்சா?" என்றார் பாஸ்கரன்.

"வந்துருச்சு. பிரிண்டர் ஒரு தடவைகூட நிக்கல சார். போன வருஷம் குருபரப்பள்ளி மிஷினை நீங்க அவசரமா சேர்த்தீகளே, அன்னைக்குச் சீட்டு அடிக்க முடியாமப் படுத்துருச்சு. சீட்டு இல்லாம வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடல. பாதிப் பேரு தீபாவளியை இங்கனதான் கொண்டாடினோம். இந்தத் தடவையும் அப்படி ஆயிருமோன்னு பயந்தேன். நல்லவேளை."

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டான்.

பாஸ்கரனின் தூக்கிய கை அப்படியே நின்றது. காப்பி வேகத்தைக் கூட்டியிருந்தால், பழைய மூன்றும் புதுசுக்குக் கொடுப்பதிலேயே மூச்சு வாங்கியிருக்கும். பக்கத்து அறையில் ஒரு சீட்டும் வந்திருக்காது. அவள் சொல்ல வந்ததே அதைத்தான். கேட்கத்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

தில்ஷாத் திரையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர் கன்னடத்தில் "பேக, பேக" என்று அவசரப்படுத்த, கந்தன் கடைசி பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். பஸ்ஸுக்குள்ளே ஒரே கும்மாளம், விசில்.

"உங்களைத்தான் கேட்டேன் பாஸ்கரன்" என்றார் முதலாளி.

ஜெனரல் மேனேஜர் நாற்காலி ஒரு நொடி கண்ணில் வந்து போனது. பாஸ்கரன் தூக்கிய கையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"நல்ல நேரம் தவறல சார். அதோ, பஸ் ஏறிப் போகுது."