இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர்

மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கின் பின்னால் இருக்கும் தகர ஜெபக்கூடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்ட, ஆளை நம்பாமல் கவுன்சிலர் ஔசேப்பச்சனே பசைவாளியோடு வந்து நிற்கிறார். உள்ளே, கிடங்கில் கூலிவேலை பார்த்துக்கொண்டே இந்த ஜெபக்கூடத்தை நடத்தும் கிரேஸ்மணி, சுக்குத் தூசி படிந்த முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். முதலில் ஆளுகிறவர்கள், பிறகு ரட்சிக்கப்பட வேண்டியவர்கள். அதுதான் அங்கே முறை. ஜனாதிபதியில் ஆரம்பித்து, விலையைக் குறைக்க மனமில்லாத வியாபாரியைப் போல ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். தகர ஓட்டை வழியே விழும் வெயில் அவளுடைய பொட்டில்லாத நெற்றியில் பொட்டாக நிற்கிறது. ஜெபத்தின் நடுவே ஒட்டினால் வார்டே பேசும் என்று அவர் காத்திருக்க, வாளியில் பசை காய்கிறது. "எங்க கவுன்சிலர் ஔசேப்பச்சனுக்கு நல்ல சுகம் கொடும் ஆண்டவரே." பதினோரு பெண்கள் ஆமென் சொல்கிறார்கள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியைத் தன்னையறியாமல் இறக்கிவிடுகிறார். அடுத்து, இன்னும் மனந்திரும்பாதவர்களின் ரட்சிப்புக்கான பட்டியல். அதிலும் முதல் பெயர் அவருடையதுதான். "நான் பிறந்ததே கிறிஸ்தியானியாக்கும், கிரேஸ்மணி சேச்சீ!" என்று பதறுகிறார். கிரேஸ்மணி கண்ணைத் திறக்கவில்லை. "அதனாலதான் ஆண்டவரே, இவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எல்லாரும் முழங்கால் போடுங்க."