இரண்டு வயதும் மூன்று நாளும்

வரிசை ஓரடி நகர்ந்தபோது அவள் குழலியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"நட."

குழலி நடந்தாள். ஒரு கையில் அம்மாவின் முந்தானை. மறு கையில் கசங்கிய போர்டிங் பாஸ்.

குழலியின் பெயர் போட்டது. குழலிக்கென்று ஒரு இருக்கை எண்ணும் போட்டது.

இதற்குமுன் இரண்டு முறை இதே மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போயிருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை, குழலியின் இதயத்திலிருந்த ஓட்டையை அடைக்க. அடைத்தது நிற்கவில்லை என்று பதினொன்றாம் மாதத்தில் மறுமுறை.

இரண்டு முறையும் மடியில் வைத்துத்தான்.

இரண்டாம் முறை போனபோது டிக்கெட்டின் கீழே ஒரு வரியைப் பார்த்தாள். பாதுகாப்புக் கட்டணம். பயணிகளை நிறுத்திச் சோதித்து அனுப்ப ஆகும் செலவைப் பயணிகளிடமே வாங்கிக்கொள்கிறார்கள். அவளுக்கு ஒன்று. கணவனுக்கு ஒன்று.

குழலிக்குப் பூஜ்யம்.

இரண்டு வயது முடியாத பிள்ளைகளுக்குக் கிடையாதாம்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுமுன்தான் மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ரெண்டு வயசத் தாண்டட்டும்மா. அப்புறம் பயமில்ல."

தாண்டாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலே பதின்மூன்று மாதம் இருந்தாள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த தம்பி சோலைராஜாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏக்கா, போன வாரமே கெளம்பியிருந்தா பிள்ளைய மடியில வச்சே கூட்டிட்டுப் போயிருக்கலாம். பொறந்தநாள் முடியட்டும்னு உக்காந்திருந்துட்டு இப்ப முழு டிக்கெட் போடச் சொல்ற. அதுவும் எதுக்கு? சென்னைல கடல் பாக்க! ராமேஸ்வரத்துல என்ன, கடல் வத்திப்போச்சா?"

"நீ போடுடா."

"பாதுகாப்புக் கட்டணம் வேற இருநூத்திச் சொச்சம். இத்தினியூண்டு உருப்படிக்கு!"

"போட்டியா, இல்லையா?"

போட்டான். கட்டண விவரம் அவள் கைப்பேசிக்கு வந்தது. மூன்று பயணிகள். மூன்று பாதுகாப்புக் கட்டணம்.

கணவனிடம் காட்டினாள். வெகுநேரம் பார்த்தான். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இப்போது அவன் ஆண்கள் வரிசையில், கழற்றிய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திரைக்குள் காக்கி உடுப்புப் பெண் ஒருத்தி. முதலில் அம்மாவைச் சிறு மேடைமேல் ஏற்றிக் கைகளை விரிக்கச் சொன்னாள். கருவியால் முன்னும் பின்னும் தடவினாள். சீட்டில் முத்திரை குத்தினாள். குழலியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"பாப்பாவுக்கு வேணாங்க்கா. கூட்டிட்டுப் போங்க."

"அவளுக்கும் கட்டியிருக்கோம்மா. பாத்தே அனுப்புங்க."

காக்கி உடுப்புப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, குழலியின் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றுகொண்டாள்.

"ஏறுங்க மேடம்."

குழலி ஏறினாள். அம்மா செய்ததுபோலவே இரண்டு கைகளையும் விரித்தாள்.

கருவி இடது கைமீது போனது. சத்தமில்லை.

வலது கை. சத்தமில்லை.

நெஞ்சுக்கு வந்தது.

பீப்.

இந்தச் சத்தம் அம்மாவுக்குத் தெரியும். பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அடுத்தது வருகிறதா வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட சத்தம்.

"கம்பி" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நெஞ்செலும்பத் தொறந்து வைத்தியம் பாத்தாங்க. சேத்துக் கட்டின கம்பி. அது உள்ளதான் இருக்கும்."

காக்கி உடுப்புப் பெண் கருவியைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள்.

குழலி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். கழுத்துப் பட்டியை இழுத்து உள்ளே எட்டிப்பார்த்தாள். அங்கே மேலிருந்து கீழாக இறங்கும் வெளிறிய கோட்டைத் தவிர ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். முகமெல்லாம் பல்.

"இன்னொருக்கா."

காக்கி உடுப்புப் பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கருவியை மெதுவாகக் கொண்டுவந்தாள்.

பீப்.

குழலி கெக்கலித்தாள். கைகளை இன்னும் அகல விரித்தாள்.

திரைக்கு வெளியே ஒரு பெண்குரல் பொறுமையிழந்தது. "உள்ள என்னதாம்மா நடக்குது? பிளேனுக்கு நேரமாகுதுல்ல!"

காக்கி உடுப்புப் பெண் முத்திரையைக் கையில் எடுத்தாள்.

"இன்னொரு தடவ."

இந்த முறை கேட்டது அம்மா.