தெர்மாகோல் தூண்

ஒரகடத்தில் மூடிக் கிடக்கும் கம்பெனிக்கு நான்தான் வாட்ச்மேன். சினிமாக்காரன் பேச்சை நான் நம்புவதில்லை. அன்று சாயங்காலம் நரசிம்மரை சூப்பர் ஹீரோ ஆக்கி அங்கே படம் எடுத்தார்கள். நரசிம்மர் வேஷக்காரன் சக்திகுமார் சிங்க முகமூடியோடு தெர்மாகோல் தூணை உடைத்து வந்து, இரணியனை மடியில் கிடத்த வேண்டும். இரணியன் வேஷம் அருள்பாண்டிக்கு. பக்கத்துக் கம்பெனியில் வேலை போன தெக்கத்திக்காரன்.

“எங்க ஊரு கூத்துல சிங்கமொகம் கட்றவன் இடுப்புல கயிறு போட்டு நாலு பேரு புடிச்சிக்குவோம். இல்லாங்காட்டி ஆவேசத்துல இரணியன நெசமாவே கிழிச்சிடுவான்பா” என்றேன்.

டைரக்டர் சிரித்தார். “பெருசு, கயிறு கேமராவுல தெரியும். போய் டீ குடி.”

அருள்பாண்டி சிரிக்கவில்லை. “தாத்தா, நீங்க பக்கத்துலயே நில்லுங்க, என்ன?” என்றான்.

தூண் உடைந்தது. சிங்கமுகம் வெளியே வந்து அவனைத் தூக்கி மடியில் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டர் கட் சொன்னார். அது விடவில்லை.

“இன்னா தாத்தா, ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாங்களா?” என்று என் பின்னாலிருந்து சக்திகுமார் கேட்டான். முகமூடி அவன் கையில் இருந்தது.

டைரக்டர் மறுபடியும் கட் சொன்னார். மடியில் கிடந்த அருள்பாண்டி என்னைத்தான் பார்த்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.