கொழுந்தனுக்குக் கொடுத்த விசை

கொல்லிமலைச் சேற்றில் சிக்கிய பேசும் மின்சார ஜீப், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தது. நான்கும் வழுக்கின. ஓட்டி வந்தவள் செங்கம்மா; பின்னிருக்கையில் அவள் மருமகள் பிரசவ வலியில் துடித்தாள்.

"பின்னால் நிற்கும் லாரிக்குப் பிடிப்பு இருக்கிறது. நம் மின்விசை முழுவதையும் காற்றுவழியே அதற்குக் கொடுத்தால் நம்மைத் தள்ளும். கொடுக்கவா?" என்று ஜீப் கேட்டது.

அன்னாசி ஏற்றிய அந்த லாரி, வேலித் தகராறில் ஆறு வருடமாகப் பேசாத கொழுந்தன் வீரமுத்துவுடையது. விசையை வாங்கிக்கொண்டு அவன் முந்திப் போய்விட்டால்?

செங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "குடு" என்றாள். ஜீப் அடங்கிப்போனது.

பின்னாலிருந்து லாரி மெதுவாக முட்டித் தள்ளியது. ஜீப் அசையவில்லை.

"அண்ணி, பிரேக்குல இருந்து காலை எடுங்க! நான் தள்ளுறேன்ல!" என்று வீரமுத்து கத்தினான்.

செங்கம்மா குனிந்து பார்த்து, காலை எடுத்தாள். ஜீப் மேடேறியது.