முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இல்லை

புது மருந்துக்கான சோதனையில் தங்கையைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் சொன்னதும், சந்தையில் மூட்டை தூக்கும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இவ புற்றுநோய்க்கு இனி வேற வழியே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஆனா இவங்களுக்கு முடக்குவாதம் இருக்கு. அது இருக்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி."

"விரல் வீங்கினதுக்காக ஒருத்தி சாகணுமா?"

"இந்த மருந்து உடம்போட எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும். இவங்க உடம்புல அந்தச் சக்தி ஏற்கெனவே சொந்த மூட்டுகளையே கடிச்சிட்டு இருக்கு. இன்னும் உசுப்பினா இதயத்தையும் கடிக்கலாம்."

"கடிக்கலாம்னுதானே சொல்றீங்க, கடிக்கும்னு சொல்லலையே. எந்த மடையன் எழுதின விதி இது? ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினவன் ஒரு நோயாளியையாவது நேர்ல பார்த்திருப்பானா?"

டாக்டர் தங்கையைப் பார்த்தார்.

"பார்த்ததில்லைதான். எலிகளைத்தான் பார்த்திருக்கேன்," என்றாள் அவள். "நான் கண்டுபிடிச்ச மருந்துண்ணே இது. விதியும் நான் எழுதினதுதான்."

தங்கை எலிகளை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள் என்பது வரைக்கும்தான் அண்ணனுக்குத் தெரியும். மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நீயே அதை அடிச்சிடேன். ஒரு வரிதானே."

"போன மாசம் ஒருத்தர் என் ஆய்வுக்கூடத்துக்கே வந்து இதைத்தான் கேட்டார். அவர் தங்கச்சிக்கும் முடக்குவாதம்."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."